உங்கள் வார்டுக்கு யார்? வடசென்னைக்குப் புதிதாக வந்தவர்களுக்குக் கவுன்சிலர் தேர்தல் வழிகாட்டி

பெரம்பூரிலோ மாதவரத்திலோ வீடு பார்த்துக் குடிவந்தவர்களும், முதல்முறை ஓட்டுப் போடப்போகும் பிள்ளைகளும் கேட்பது ஒரே கேள்விதான். "சட்டமன்றத் தேர்தல்னா தலைவரைப் பார்த்துப் போடலாம். கவுன்சிலர் தேர்தல்ல நிக்கிறவங்க யாருன்னே தெரியலையே, எதை வெச்சு முடிவு பண்றது?" பதில் தெரியாத பலர் அன்றைக்கு வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். 2022 பிப்ரவரியில் நடந்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் தமிழ்நாடு முழுக்க 60 விழுக்காட்டுக்கு மேல் வாக்குப் பதிவானது. சென்னையில் பதிவானது 43 விழுக்காட்டை ஒட்டித்தான்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. 2022 தேர்தலில் சென்னையில் 60 லட்சத்துக்கு மேல் வாக்காளர்கள், 200 வார்டுகள். சராசரியாக ஒரு வார்டுக்கு 30 ஆயிரம் பேர். அதில் 13 ஆயிரம் பேர் மட்டும் ஓட்டுப் போட்டு, அதை நாலைந்து வேட்பாளர்கள் பிரித்துக்கொண்டால், ஒரே ஒரு தெரு முடிவை மாற்றிவிடலாம். உங்கள் ஓட்டுக்கு இவ்வளவு எடை வேறு எந்தத் தேர்தலிலும் கிடையாது.

கவுன்சிலரே இல்லாத காலத்தையும் நாங்கள் பார்த்திருக்கிறோம். 2016 அக்டோபரில் பழைய மாமன்றத்தின், அதாவது கவுன்சிலர்கள் அவையின், காலம் முடிந்தது. அதற்குப் பிறகு 2022 வரை தேர்தலே நடக்கவில்லை, தனி அதிகாரிதான் நிர்வாகம் பார்த்தார். தெருவிளக்கு எரியவில்லை என்றால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்று தெரியாமல் நின்ற வருடங்கள் அவை. இப்போதைய மாமன்றம் 2022 மார்ச்சில் பதவியேற்றது, பதவிக்காலம் ஐந்தாண்டு. அடுத்த தேர்தல் எப்போது அறிவிக்கப்பட்டாலும் கீழே சொல்வதை வரிசையாகச் செய்யுங்கள்.

முதல் வேலை: வார்டு எது, பெயர் இருக்கிறதா

2022 தேர்தலில் வடசென்னை ஆறு மண்டலங்களாக இருந்தது. திருவொற்றியூருக்கு 1 முதல் 14 வரை, மணலிக்கு 15 முதல் 21, மாதவரத்துக்கு 22 முதல் 33, தண்டையார்பேட்டைக்கு 34 முதல் 48, இராயபுரத்துக்கு 49 முதல் 63, திரு.வி.க. நகருக்கு 64 முதல் 78 வரை வார்டுகள். ஏரியாப் பெயரை வைத்து மண்டலத்தை ஊகிக்காதீர்கள். கொடுங்கையூர்க்காரர்கள் தண்டையார்பேட்டை மண்டலம், கொளத்தூர்க்காரர்கள் திரு.வி.க. நகர் மண்டலம். சில இடங்களில் தெருவின் இந்தப் பக்கம் ஒரு வார்டு, எதிர்ப்பக்கம் வேறு வார்டு. வீட்டுக்காரரின் சொத்துவரி ரசீதில் மண்டலமும் வார்டும் இருக்கும், அதில் தொடங்கலாம். ஆனால் எல்லைகள் மாறக்கூடியவை. தேர்தல் நேரத்து வாக்காளர் பட்டியலில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் கணக்கு.

வாக்காளர் அட்டை கையில் இருப்பது மட்டும் போதாது, பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது தமிழ்நாடு மாநிலத் தேர்தல் ஆணையம். அது இந்தியத் தேர்தல் ஆணையத்திலிருந்து வேறானது. ஆனால் வார்டுவாரிப் பட்டியல் சட்டமன்ற வாக்காளர் பட்டியலிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. அதனால் திருநெல்வேலியிலோ வேளச்சேரியிலோ பெயரை வைத்துக்கொண்டு கொருக்குப்பேட்டையில் ஓட்டுப் போட முடியாது. முகவரி மாற்றத்துக்குப் படிவம் 8, புதிதாகச் சேர்க்கப் படிவம் 6. 2025 கடைசியில் நடந்த சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் லட்சக்கணக்கான பெயர்கள் நீக்கப்பட்டன. "போன தடவை இருந்துச்சே" என்று இருந்துவிடாமல் இன்றைக்கே பாருங்கள். தேர்தல் தேதி அறிவித்த பிறகு ஓடினால் நேரம் போதாது.

கவுன்சிலர் எதற்கு, எதற்கு இல்லை

இதைத் தெரிந்துகொள்ளாமல் வேட்பாளரை எடைபோட முடியாது. வாசலில் வந்து நின்று, "நான் ஜெயிச்சா கரண்ட் கட் ஆகாது" என்று ஒருவர் சொன்னால், அது அவர் கையில் இல்லாத விஷயம் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மாநகராட்சியின் நேரடிப் பொறுப்பில் இருப்பவை: குப்பை, தெருவிளக்கு, உட்புறச் சாலைகள், மழைநீர் வடிகால், பூங்கா, பொதுக் கழிப்பறை, மயானம், மாநகராட்சி நடத்தும் சென்னைப் பள்ளிகள், நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம், அம்மா உணவகம், பிறப்பு இறப்புச் சான்றிதழ், சொத்துவரி, தொழில் உரிமம். புகாருக்கு 1913.

குடிநீரும் கழிவுநீரும் குடிநீர் வாரியம், அதாவது நாம் எல்லோரும் மெட்ரோ வாட்டர் என்று சொல்வது. எண் 044-45674567. மின்சாரத்துக்கு மின்னகம், 94987 94987. புளியந்தோப்பு, வியாசர்பாடி பக்கத்து ஹவுசிங் போர்டு குடியிருப்புகள், முன்பு குடிசை மாற்று வாரியம் என்று இருந்த நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தைச் சேர்ந்தவை. எண்ணூர், மணலித் தொழிற்சாலைகளின் புகையும் கழிவும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கையில்.

அப்படியானால் கவுன்சிலருக்கு இதிலெல்லாம் வேலையே இல்லையா? இருக்கிறது, அதுதான் முக்கால்வாசி வேலை. ஜனங்களுக்குத் துறை எது என்று தெரியாது, தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. எங்கள் தெருமுனையில் ஒரு மழைக்காலம் முழுக்க மேன்ஹோல் பொங்கி ஓடியது. சாக்கடைக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, "மழைத்தண்ணி எங்க லைன்ல வந்து விழுது, அவங்களைக் கேளுங்க" என்றார்கள். வடிகால்காரர்கள், "சாக்கடையை எங்க கால்வாய்ல விட்டிருக்காங்க, அவங்களைக் கேளுங்க" என்றார்கள். அப்போது எந்தப் பதவியிலும் இல்லாத ஒரு அக்கா, இரண்டு துறைப் பொறியாளர்களையும் ஒரே காலை வேளையில் அதே மேன்ஹோலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். மூடியைத் திறக்கச் சொன்னார். எந்தக் குழாய் எங்கிருந்து வருகிறது என்று தரையில் சாக்பீஸால் கோடு போடச் சொன்னார். கோடு நேராகப் போய் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் வாசலில் நின்றது. அவர்கள்தான் மொட்டைமாடித் தண்ணீரையும் சாக்கடையையும் ஒன்றாக இணைத்து விட்டிருந்தார்கள். அப்புறம் யாரும் யாரையும் கைகாட்ட முடியவில்லை.

கவுன்சிலர் வேலை என்று நான் சொல்வது இதைத்தான். யார் செய்ய வேண்டிய வேலை என்று கண்டுபிடித்து, அவரைக் கூட்டிவந்து, முடியும்வரை விடாமல் பின்னாலேயே போவது. யார் நன்றாகப் பேசுகிறார், யாருக்கு அதிகப் படிப்பு, யாருக்குப் பெரிய கட்டவுட் என்பதையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு, இந்த விடாப்பிடி யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். கீழே வரும் எல்லாப் படிகளும் அதைக் கண்டுபிடிப்பதற்குத்தான்.

கையில் பணம் இருக்கிறதா என்றால், கொஞ்சம் இருக்கிறது. ஒவ்வொரு கவுன்சிலருக்கும் வார்டு மேம்பாட்டு நிதி உண்டு. 2025-26 மாநகராட்சி பட்ஜெட்டில் அது 60 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. எந்தக் கட்சிக் கவுன்சிலராக இருந்தாலும் இதே தொகைதான். கொசஸ்தலையாற்று வடிநிலத்தில் போட்ட பெரிய மழைநீர் வடிகால் மாதிரி வேலைகள் ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் வருபவை. வடசென்னை வளர்ச்சித் திட்டத்தை முன்னின்று நடத்துவது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ. அவற்றை எந்த வேட்பாளராவது "நான் கொண்டுவந்தது" என்று நோட்டீஸில் போட்டால், எந்தத் துறை, யார் பணம் என்று கேளுங்கள்.

இன்னொன்று. 2011இல் மேயரை நாம் நேரடியாகத் தேர்ந்தெடுத்தோம். 2022இல் கவுன்சிலர்கள்தான் தேர்ந்தெடுத்தார்கள். அப்படித்தான் வடசென்னையின் 74ஆவது வார்டிலிருந்து வந்த பிரியா மேயரானார். உங்கள் கவுன்சிலருக்கு அந்த ஓட்டும் உண்டு.

பட்டியல் வந்ததும் பிரமாணப் பத்திரத்தைப் படியுங்கள்

2022இல் பிப்ரவரி 4 வரை வேட்புமனு, 5 பரிசீலனை, 7 வாபஸ், 19 வாக்குப்பதிவு. இறுதிப் பட்டியலுக்கும் ஓட்டுக்கும் நடுவில் கிடைத்தது பன்னிரண்டு நாள்தான். அதனால் பட்டியல் வந்த அன்றே உட்காருங்கள்.

மனுவோடு ஒவ்வொருவரும் சொத்து, கடன், வழக்கு, படிப்பு எல்லாவற்றையும் சொல்லும் பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டும். மாநிலத் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் பாருங்கள். கிடைக்காவிட்டால் மண்டல அலுவலகத்தில் தேர்தல் நடத்தும் அலுவலரிடம் கேளுங்கள். கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

வழக்குப் பகுதியில் எத்தனை வழக்கு என்பதைவிட எந்த வழக்கு என்பது முக்கியம். சாலை மறியல், குடிநீருக்காகக் காலிக்குடத்தோடு உட்கார்ந்தது, ஊர்வலம் போனது எல்லாமே வழக்காகத்தான் பதிவாகும். பழைய தண்டனைச் சட்டத்தில் 143, 188, 341 என்று இருந்தால் பெரும்பாலும் அந்த வகை. தெருவுக்காக நின்றவர் மேல் அப்படி நாலு வழக்கு இருந்தால் எனக்கு அது குறையாகத் தெரியாது. 420 மோசடி, 506 மிரட்டல், 307 கொலை முயற்சி என்றால் கதையே வேறு. 2024 ஜூலையிலிருந்து பதிவானவை பாரதிய நியாய சன்ஹிதாவின் எண்களில் இருக்கும், அதில் மோசடி 318, மிரட்டல் 351, கொலை முயற்சி 109. வழக்கு இருப்பதாலேயே ஒருவர் குற்றவாளி ஆகிவிட மாட்டார். ஆனால் என்ன வழக்கு, எந்த நிலையில் இருக்கிறது என்று அவரையே கேட்கலாம். நேராகப் பதில் சொல்கிறாரா, ஆத்திரப்படுகிறாரா என்பதிலேயே பாதி தெரிந்துவிடும்.

அடுத்து, தொழில். தண்ணி லாரி ஓட்டுபவர், கட்டுமான கான்ட்ராக்டர், மனை வாங்கி விற்பவர் நிற்பதில் தவறில்லை. ஆனால் குழாயில் நல்ல தண்ணீர் வந்தால் அவர் தொழில் என்னவாகும், வார்டில் புதுக் கட்டடம் எழும்பினால் அவருக்கு என்ன லாபம் என்று யோசியுங்கள். ஏற்கெனவே பதவியில் இருந்தவர் என்றால் பழைய பத்திரத்தையும் எடுத்து, சொத்து எவ்வளவு கூடியிருக்கிறது என்று பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மறுபடி நிற்கும் கவுன்சிலரானால் இன்னும் ஒரு வழி உண்டு. வார்டு மேம்பாட்டு நிதியில் என்னென்ன வேலை எடுத்தார், எவ்வளவு செலவானது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு கேட்கலாம். பதிலுக்கு 30 நாள் என்பதால் தேர்தல் பேச்சு தொடங்கும்போதே மனுப் போட்டுவிடுங்கள். பட்டியல் கைக்கு வந்ததும் நடந்துபோய்ப் பாருங்கள். காகிதத்தில் உள்ள பூங்காவுக்குக் கதவு இருக்கிறதா, போட்டதாகச் சொல்லும் சாலையில் ஒரு மழைக்குப் பிறகு ஜல்லி தெரிகிறதா என்று கண்ணால் பார்ப்பதற்கு ஈடு எதுவும் இல்லை.

தெருவில் விசாரியுங்கள்

நீங்கள் புதிது, ஆனால் தெரு பழையது. யாரைக் கேட்பது? கட்சிக்காரரைக் கேட்டால் கட்சிதான் பேசும். காலையில் குப்பை வண்டியோடு வரும் தூய்மைப் பணியாளரைக் கேளுங்கள். எந்தத் தெருவில் யார் சொன்னால் வேலை நடக்கிறது, யார் வெறுமனே போனில் திட்டுகிறார் என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு யாருக்கும் தெரியாது. தண்ணி லாரிக்குக் குடம் வைத்துக் காத்திருக்கும் பெண்கள், தள்ளுவண்டியில் இஸ்திரி போடுபவர், ரேஷன் கடை வரிசை, ஆட்டோ ஸ்டாண்டு, பால் பூத் எல்லாமே நல்ல இடங்கள்.

கேட்க வேண்டியது, "இவர் நல்லவரா?" என்று அல்ல. அதற்கு எல்லோரும் "பரவாயில்லை" என்றுதான் சொல்வார்கள். "2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல தண்ணி நின்னப்ப இவரு எங்க இருந்தாரு?" என்று கேளுங்கள். பட்டாளம், புளியந்தோப்பு, கொருக்குப்பேட்டை, மணலி, எங்கே கேட்டாலும் அந்த நாட்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். யார் இடுப்பளவுத் தண்ணீரில் பால் பாக்கெட் கொண்டுவந்தார், யார் போனை அணைத்துவிட்டார், யார் தண்ணீர் வடிந்த பிறகு போட்டோ எடுக்க வந்தார் என்று அடுக்கடுக்காகச் சொல்வார்கள். எண்ணூர்ப் பக்கமானால் அதே மாதம் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியதையும், 26ஆம் தேதி இரவு அமோனியா கசிந்து ஜனங்கள் வீட்டை விட்டு ஓடியதையும் கேளுங்கள். அன்று ராத்திரி ஆட்டோ பிடித்துக் கொடுத்தவர் பெயரை அங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

இரண்டு மூன்று பேரிடம் தனித்தனியாகக் கேட்டு ஒரே விஷயம் திரும்ப வந்தால் நம்பலாம். ஒருவர் மட்டும் சொன்னதைச் சும்மா மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வாசலுக்கு வரும்போது கேட்க வேண்டியவை

மேளம் அடித்துக்கொண்டு, ஆரத்தித் தட்டு எதிரே இருக்க, பொன்னாடையோடு வந்து கும்பிடுவார்கள். அந்த நேரத்தில் நீளமாகப் பேச முடியாது. ஒரே ஒரு கேள்வி போதும். நான் எல்லோரிடமும் கேட்பது இது: "அண்ணா, எங்க தெரு மழைத்தண்ணி வடிகால் எங்க போய்ச் சேருது?"

சின்னக் கேள்விதான், ஆனால் வார்டைத் தெரிந்தவர் யார் என்று உடனே காட்டிக்கொடுத்துவிடும். "ஓட்டேரி நல்லாவுல போய் விழுது, பாலத்துக்குக் கீழ மண்ணு ஏறியிருக்கு, அதான் ரிவர்ஸ் அடிக்குது" என்றோ, "கேப்டன் காட்டன் கால்வாய்க்குப் போகுது, நடுவுல ரயில்வே இடத்துல அடைச்சிருக்கு" என்றோ ஒருவர் சொன்னால் அவர் இந்த வார்டில் நடந்திருக்கிறார். "எல்லாத்தையும் சரி பண்ணிடலாம்மா" என்றால் நடக்கவில்லை. தெரியாது, பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று ஒப்புக்கொண்டு மறுநாள் ஆளனுப்பிச் சொன்னால், அவருக்கு நான் மதிப்பெண் கூடவே போடுவேன்.

தெரு அமைதியான நேரத்தில், அல்லது குடியிருப்போர் சங்கம் கூட்டம் போட்டால், மற்றவற்றைக் கேட்கலாம். கொடுங்கையூர், எழில் நகர், வியாசர்பாடிக்காரர்கள் குப்பைக் கிடங்கைப் பற்றிக் கேட்டே ஆக வேண்டும். 340 ஏக்கருக்கு மேல் பரந்த அந்தக் கிடங்கில் பழைய குப்பையைப் பயோமைனிங் முறையில் பிரித்தெடுக்கிறார்கள். அங்கேயே குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை கொண்டுவரும் திட்டத்தை எதிர்த்துக் குடியிருப்போர் 2025 மே மாதம் மனிதச் சங்கிலி நடத்தினார்கள். உங்கள் வேட்பாளர் ஆலைக்கு ஆதரவா, எதிர்ப்பா? மாமன்றத்தில் அது தீர்மானமாக வந்தால் கட்சி சொல்கிறபடியா, வார்டு சொல்கிறபடியா கை தூக்குவார்? ஆதரவு என்றால் காரணம் சொல்லட்டும், கேட்டுக்கொள்ளலாம். நழுவுகிறவர்தான் ஆபத்து.

இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத்துக்காரர்கள் தூய்மைப் பணியாளர் விஷயத்தைக் கேளுங்கள். இந்த இரண்டு மண்டலங்களின் துப்புரவுப் பணியைத் தனியாருக்கு விட்டதை எதிர்த்து 2025 ஆகஸ்டில் அவர்கள் மாநகராட்சித் தலைமை அலுவலகமான ரிப்பன் மாளிகை வாசலில் இரவும் பகலுமாக உட்கார்ந்திருந்தார்கள். 13ஆம் தேதி நள்ளிரவில் போலீஸ் அப்புறப்படுத்தியது. நம் வீட்டுக் குப்பையை அள்ளுகிறவர்களின் சம்பளத்தைப் பற்றி ஒரு கருத்துகூட இல்லாதவரைக் கவுன்சிலராக்கி என்ன பிரயோஜனம்?

2011 வரை தனி நகராட்சிகளாக இருந்து சென்னையோடு சேர்ந்த திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி, மாதவரம் பகுதிகளில் பாதாளச் சாக்கடை பற்றிக் கேளுங்கள். எந்தத் தெரு வரைக்கும் வந்திருக்கிறது, மீதிக்கு என்ன தடை? ஹவுசிங் போர்டில் இருப்பவர்கள், மொட்டைமாடி டேங்கைச் சுத்தம் செய்ய வாரியத்தில் யாரைப் பார்ப்பார் என்று கேளுங்கள். அதிகாரி பதவிப்பெயரையாவது சொல்லத் தெரிய வேண்டும்.

அப்புறம் ஒரு சோதனை. நோட்டீஸில் இருக்கும் எண்ணுக்குப் பிரச்சாரம் இல்லாத மத்தியான நேரத்தில் போன் செய்து பாருங்கள். ஓட்டுக் கேட்கும் காலத்திலேயே எடுக்காதவர், ஜெயித்த பிறகு எடுக்க மாட்டார்.

பெண் வேட்பாளர் என்றால் அவரிடமே பேசுங்கள்

உள்ளாட்சியில் பாதி இடங்கள் பெண்களுக்கு என்று தமிழ்நாடு 2016இல் சட்டம் கொண்டுவந்தது. சென்னையில் பாதிக்குக் குறையாமல் பெண்கள் மாமன்றத்துக்கு வந்தது எனக்கு உண்மையிலேயே பெருமை. ஆனால் போஸ்டரில் கணவர் படம் பெரிதாகவும் வேட்பாளர் படம் ஓரத்திலும் இருந்தால் உஷாராக இருங்கள். வீட்டுக்கு வரும்போது கணவரோ அண்ணனோ பதில் சொல்ல முன்னால் வருவார். மரியாதையாக, "நீங்க இருங்க அண்ணா, அக்கா சொல்லட்டும்" என்று சொல்லிவிட்டு அவரையே பாருங்கள். முதலில் தயங்கினாலும், வடிகால் கேள்விக்குக் கணவரைவிடத் தெளிவாகச் சொன்ன அக்காக்களை நான் பார்த்திருக்கிறேன். தண்ணீர் பிடிப்பதும், கால்வாய் நாற்றத்தில் சமைப்பதும் அவர்கள்தானே. வாய் திறக்கவே விடவில்லை என்றால், ஓட்டு கணவருக்குத்தான் போகிறது என்று அர்த்தம்.

பணம் வந்தால்

வரும். ஆர்.கே. நகர் நம்ம ஏரியாதான். 2017 ஏப்ரலில் பணப் பட்டுவாடாவைக் காரணம் காட்டி அந்தச் சட்டமன்ற இடைத்தேர்தலையே தேர்தல் ஆணையம் ரத்து செய்தது.

கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம், ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். நான் சொல்ல வருவது வேறு கணக்கு. 2022இல் சென்னை வார்டு வேட்பாளருக்கு அனுமதிக்கப்பட்ட மொத்தச் செலவு 90 ஆயிரம் ரூபாய். கவுன்சிலருக்கு 2023இலிருந்து மாத மதிப்பூதியம் 10 ஆயிரம். ஐந்து வருடமும் சேர்த்தால் 6 லட்சம். ஒருவர் ஐயாயிரம் பேருக்கு ஆளுக்கு ஆயிரம் கொடுத்தால் 50 லட்சம். மீதி 44 லட்சத்தை அவர் எங்கிருந்து எடுப்பார்? நீங்கள் வீட்டுக்கு மாடி எழுப்பும்போது மணல் வந்து இறங்கியதுமே ஆள் வந்து நிற்பார். போர் போட, கடை திறக்க, சாக்கடை இணைப்புக்காக ரோட்டை வெட்ட, எல்லாவற்றுக்கும் ஒரு தொகை. சாலை கான்ட்ராக்டில் கமிஷன் போய்விடும், தாரின் கனம் குறையும். அந்த ஆயிரம் ரூபாய் நாமே வட்டியோடு கட்டப்போகிற கடன்.

வறுமையில் வாங்குகிறவரை நான் குறைசொல்ல மாட்டேன். மீன் வரத்து இல்லாத நாளில் காசிமேட்டில் ஆயிரம் ரூபாய் என்பது சின்னத் தொகை இல்லை. ஆனால் வாங்கிவிட்டோம், சத்தியம் செய்துவிட்டோம், அதனால் போட்டாக வேண்டும் என்று பயப்படாதீர்கள். யாருக்குப் போட்டீர்கள் என்று இயந்திரம் யாருக்கும் சொல்லாது. கற்பூரம் அடித்துக் கேட்ட சத்தியத்தைவிட, பிள்ளை நடந்துபோகும் தெரு பெரிது.

கட்சியா, ஆளா

"ஆளுங்கட்சிக் கவுன்சிலர் வந்தாதான் வேலை நடக்கும்" என்பார்கள். கொஞ்சம் உண்மை இருக்கிறது. பெரிய திட்டங்களுக்கு அமைச்சரைப் பார்க்க முடிகிறவருக்கு வழி எளிது. ஆனால் தெருவிளக்கு, குப்பை, அடைப்பு, பள்ளிக் கழிப்பறை எல்லாம் மண்டல அலுவலகத்தில் முடிகிற வேலைகள். அங்கே கட்சிக்கொடியைவிட, வாரத்துக்கு எத்தனை தடவை படியேறுகிறார் என்பதுதான் செல்லும். எதிர்க்கட்சியிலோ சுயேச்சையாகவோ இருந்து மாமன்றக் கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்கிறவர்களால் அதிகாரிகள் ஓடிவந்த கதைகளும் இந்தப் பக்கம் உண்டு. சுயேச்சை என்றாலே சுத்தம் என்றும் நினைக்க வேண்டாம். சீட் கிடைக்காமல் நின்று, ஜெயித்த மறுவாரம் பழைய கட்சிக்கே போகிறவர்கள் இருக்கிறார்கள். "ஜெயிச்சா எந்தக் கட்சிக்கும் போவீங்களா?" என்று முன்கூட்டியே நாலு பேர் எதிரில் கேட்டுவிடுங்கள்.

என் முறை இதுதான்: முதலில் ஆளைப் பார்க்கிறேன். இரண்டு பேர் சமமாகத் தெரிந்தால் அப்போது கட்சியைப் பார்க்கிறேன். உங்களுக்குக் கட்சிக் கொள்கை முதலில் என்றால் அதுவும் சரிதான். ஆனால் அப்போதும் அந்தக் கட்சி நிறுத்திய ஆளிடம் வடிகால் கேள்வியைக் கேளுங்கள்.

ஓட்டுப் போடும் நாளும் அதற்குப் பிறகும்

பூத் சிலிப் வரவில்லை என்றாலும் பட்டியலில் பெயரும் கையில் அடையாள அட்டையும் இருந்தால் போதும். பூத் எந்தப் பள்ளி என்று முந்தின நாளே பார்த்துவிடுங்கள். சட்டமன்றத் தேர்தலுக்குப் போன அதே பள்ளியாக இருக்கும் என்று சொல்ல முடியாது. காலையிலேயே போய்விடுவது நல்லது.

முடிவு வந்த பிறகு, ஜெயித்தவர் நீங்கள் ஓட்டுப் போட்டவராக இல்லாவிட்டாலும் அவர்தான் உங்கள் கவுன்சிலர். அவருடைய எண்ணையும், வார்டு உதவிப் பொறியாளர் எண்ணையும், துப்புரவு ஆய்வாளர் எண்ணையும் போனில் ஏற்றிக்கொள்ளுங்கள். 2022இல் வந்த விதிகளின்படி ஒவ்வொரு வார்டிலும் பகுதி சபை கூட்ட வேண்டும். கிராமத்தில் கிராம சபை மாதிரி, வார்டுக்காரர்கள் யாரும் போய்ப் பேசலாம். எந்தத் தேதி, எந்த இடம், எத்தனை மணி என்று கவுன்சிலர் அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். போகும்போது 1913இல் கொடுத்த புகார் எண்ணைத் தேதியோடு எழுதி எடுத்துப்போங்கள். "எங்க தெருவுல விளக்கு எரியலை" என்று பொதுவாகச் சொன்னால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். கம்பத்தில் பெயின்டால் எழுதியிருக்கும் எண்ணோடு சொல்லி, அது கூட்டக் குறிப்பில் ஏறுகிறதா என்று நின்று பார்த்துவிட்டு வாருங்கள்.